என் முகத்தை வைத்துத் திருத்திய திரை

எங்கள் வீட்டில் யாராவது வீடியோ காலில் வந்தால் முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளுக்கும் இதிலிருந்து விலக்கு கிடையாது. அவள் நோட்டில் கிழித்த பக்கத்தோடு தயாராகவே உட்கார்ந்திருப்பாள். "புடிச்சுட்டேம்மா, நல்லா பாத்துக்க. மஞ்சளும் இல்ல, நீலமும் இல்ல. ஹாஸ்டல் சாம்பார் சாப்ட்டு வந்த கருப்பு மட்டுந்தான் இருக்கு" என்பாள். என் வீட்டுக்காரி சிரிக்க மாட்டாள். தாளையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். அப்புறம்தான் "சரி, சாப்ட்டியா" என்று பேச்சையே தொடங்குவாள்.

பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். நான் குவைத்தில் இருந்தபோது என் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இங்கே அறந்தாங்கியில் என் வீட்டுக்காரி அதை லேப்டாப் திரையில் பார்த்தாள், அதுவும் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, திரைதான் கெட்டுப்போச்சு என்று திரையைத் திருத்தினாள். நான் மஞ்சளாக ஆக ஆக அவளும் விடாமல் திருத்திக்கொண்டே வந்தாள். நடந்தது இவ்வளவுதான். நான் பிழைத்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். போனது அவளுடைய வேலை. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவள் செய்துகொண்டிருந்தது கல்யாண ஆல்பம் டிசைன். போட்டோகிராபர்கள் படங்களை ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அதில் நல்லதாகப் பொறுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, நிறத்தைச் சரிபண்ணி, திருச்சியில் இருக்கிற பிரிண்ட் லேபுக்கு அனுப்புவாள். அடுக்குகிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நிறம்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. மண்டபத்தில் ஒரு பக்கம் கலர் கலராக சீரியல் லைட், ஒரு பக்கம் வீடியோக்காரர் முகத்துக்கு நேரே பிடிக்கிற வெள்ளை லைட், நடுவில் ஹோமப் புகை. இந்தக் கூத்தில் ஒரே முகூர்த்தப் பட்டு பத்துப் படத்தில் பத்து நிறமாக வந்திருக்கும். இவள் கைக்குப் போய்விட்டு வந்தால் மேடையில் இருந்த அரக்கு ஆல்பத்திலும் அரக்காகவே இருக்கும். பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்க என்று கேட்கிறவர்களிடம் தயவு தாட்சண்யமே கிடையாது. "பொண்ணு பாக்க வந்தப்ப இந்த நெறமாத்தான இருந்துச்சு? அப்பப் புடிச்சுச்சுல்ல?" என்று கேட்டுவிடுவாள். நான் இருந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். ஆனால் ஒரு ஆளும் வேறு இடத்துக்குப் போனதில்லை.

எனக்கு குவைத்தில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை. லீவுக்கு வருகிறவனிடம் ஊரில் என்னென்னமோ கேட்பார்கள். கம்பளி கேட்பார்கள், சென்ட் கேட்பார்கள், தங்கம் கேட்கிறவர்களும் உண்டு. இவள் கேட்டது, திரையில் மாட்டி நிறத்தை அளக்கிற ஒரு மீட்டர். கடைகடையாக அலைந்து வாங்கினேன். கூடவே என் யோசனையில் ஒரே கடையில் ஒரே மாடலில் ரெண்டு லேப்டாப்பும் வாங்கினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. நான் அங்கே பார்ப்பதும் அவள் இங்கே பார்ப்பதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைப்பு. ரொம்பப் பெருமையாக ரெண்டையும் சாப்பாட்டு மேசைமேல் எடுத்து வைத்தேன்.

அவள் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கல்யாணப் பொண்ணு படத்தைத் திறந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஒரே மாடல்னுதான சொன்னீங்க?"

"ஒரே மாடல்தான். பில்லு வேணுமா?"

"பொட்டிதாங்க ஒண்ணு. உள்ள ஸ்கிரீன் வேற வேற. இதுல கன்னம் செவப்படிக்குது. அதுல பச்சையடிக்குது. மாப்பிள்ளை வேட்டியப் பாருங்க, ரெண்டும் ஒரே வெள்ளையாவா இருக்கு?"

எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பொண்ணு அழகாக இருக்கிறாள் என்றேன். அவள் முறைத்தாள். அப்புறம் ஜன்னலையெல்லாம் சாத்தினாள், டியூப் லைட்டை அணைத்தாள், ரெண்டு லேப்டாப்பும் சூடேறட்டும் என்று அரைமணி நேரம் என்னையும் இருட்டில் உட்கார வைத்தாள். எனக்குப் பொறுமை கம்மி. புழுக்கம் வேறு. முனகிக்கொண்டே கிடந்தேன். அந்த மீட்டர் திரையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்கு அடியில் சிவப்பு, பச்சை, நீலம், விதவிதமான சாம்பல் என்று மாறி மாறி வந்து போனது. ஒன்று முடிந்ததும் அடுத்தது.

எல்லாம் முடிந்து அதே படத்தைத் திறந்தபோது எனக்கே தெரிந்தது. ரெண்டு திரையிலும் வேட்டி ஒரே வெள்ளை. கன்னம் ஒரே நிறம். அதுவரைக்கும் வித்தியாசமே தெரியாதவனுக்கு, சரியானதும்தான் முன்னே தப்பாக இருந்தது புரிந்தது. அவள் சொன்னாள்: "எப்பவுமே மொதல்ல வெள்ளையப் பாக்கணும். வெள்ளை சரியா இருந்தா மத்ததெல்லாம் தன்னால சரியா வந்துரும். கண்ண நம்பக் கூடாது. கண்ணு ரெண்டே நிமிஷத்துல எதுக்கும் பழகிரும்."

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நீங்க அங்கிட்டுப் பாக்கிறதும் நான் இங்கிட்டுப் பாக்கிறதும் ஒண்ணுதான்" என்றாள். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "சரி, பசிக்குது." ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வேலையைப் பற்றி அவளிடம் நல்லதாகச் சொல்ல எனக்குக் கிடைத்த வாய்ப்பெல்லாம் இப்படித்தான் போனது.

லீவு முடிந்து திரும்பிப் போனேன். டூட்டி முடிந்து குளித்துவிட்டு, அறையில் அடுக்களைப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பைத் திறப்பேன். அவளும் அந்த நேரத்துக்கு வேலையை ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். மாமியார் மருமகள் சண்டை முதல் குழாயில் தண்ணீர் வராதது வரைக்கும் பேசுவோம். சித்திரை வெயில் தொடங்கிய சமயம், ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏங்க, மொகம் ஒரு மாதிரி மஞ்சளா இருக்கே. ரூம்ல லைட்ட மாத்துனீங்களா?"

மாற்றவில்லை என்றேன். அவள் விடவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குளியலறை லைட்டுக்குக் கீழே போய் நிற்கச் சொன்னாள். நின்றேன். வராந்தாவுக்குப் போகச் சொன்னாள். போனேன். அறையில் என்னோடு தங்கியிருந்தவர் மீமிசல்காரர், மீன் மார்க்கெட்டில் வேலை. அவர் கட்டிலில் படுத்துக்கொண்டே, "என்ன மச்சான், ஒன்ன வச்சு வீட்ல ஷூட்டிங் நடக்குதா?" என்று கேட்டார். தினமும் என் முகத்தில் முழிக்கிற மனுஷன் அவர். கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணும்தான் பழகிப் போயிருக்கும். திரையின் ஓரத்தில் என் முகமும் சின்னதாகத் தெரியும். பேசுகிற நேரத்தில் யார் தன் முகத்தைப் பார்க்கிறார்கள்? நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போதெல்லாம் நிற்கவே முடியாது, அவ்வளவு அசதி. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. உடம்பெல்லாம் அரிப்பு. ஒன்றுக்குப் போனால் கடுங்காப்பி நிறத்தில் போனது. அந்த ஊர் வெயிலில் குடோனில் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன், தண்ணீரை நிறையக் குடிப்போம். அந்த அசதியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்ததில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒன் ஸ்கிரீன்லதான் கோளாறு" என்றேன். "அறந்தாங்கில அடிக்கிற வெயிலுக்கு மனுசனே வதங்குறான். ஸ்கிரீன் மஞ்சளடிக்காம என்ன செய்யும்?"

திரைகள் பழசாகி மஞ்சளடிப்பது அவளுக்கும் தெரிந்த விஷயம். மறுநாள் மீட்டரை மாட்டிப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் காலில் வந்தவளுக்கு முகமே சரியில்லை. "மீட்டர் எல்லாம் சரியா இருக்குன்னுதான் காட்டுது. ஆனா நீங்க சரியா இல்லையே" என்றாள்.

இப்போதுதான் புரிகிறது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. மீட்டர் சரி, திரை சரி, நான்தான் சரியில்லை. இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? நான் சிரித்துக்கொண்டே, "அப்ப மீட்டரும் போச்சுன்னு அர்த்தம். நான் வாங்குனதுல எது உருப்பட்டிருக்கு?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் அவள் அந்த மீட்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே திருத்தத் தொடங்கினாள். என்னைக் காலில் உட்கார வைத்துக்கொண்டு, "திரும்புங்க, நெத்தியக் காட்டுங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லித் திரையில் நீலத்தை இம்மி இம்மியாக ஏற்றினாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். "ஆங். இப்ப நீங்க வந்துட்டீங்க" என்றாள்.

எல்லாரும் வெள்ளையை வைத்து மற்றதைப் பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான் பார்த்து வந்தாள், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வெள்ளையை விட்டுவிட்டு என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பார்த்த முகம், அது மாறாது என்று அவ்வளவு நம்பிக்கை. மீட்டர் தப்பாக இருக்கலாம், திரை தப்பாக இருக்கலாம், புருஷன் முகம் எப்படித் தப்பாகும்? எனக்குத் தெரிந்து அவள் தொழிலில் செய்த பிழை அது ஒன்றுதான்.

வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை அந்தத் திருத்தம் நடக்கும். "திரும்பவும் மஞ்சளடிக்குதுங்க, இருங்க" என்பாள். நானும் சமர்த்தாக உட்கார்ந்திருப்பேன். ஒளிப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான புதுசில்கூட அவள் என்னை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. கன்னம், நெற்றி, காது மடல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நான் வேண்டுமென்றே மூஞ்சியைக் கோணலாக வைப்பேன், அவள் அதட்டுவாள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும், எனக்கு இருக்கட்டும் என்று சொல்லி, என் முகத்தைத் திரையிலிருந்து அப்படியே படமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து ஆல்ப வேலை குவிந்திருந்தது. எல்லாவற்றையும் அந்தத் திரையில்தான் பார்த்தாள். நீலம் ஏறிய திரையில் எந்தப் படத்தைத் திறந்தாலும் கொஞ்சம் நீலமடித்துத்தான் தெரியும். அவள் படம்தான் அப்படி வந்திருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொன்றிலும் மஞ்சளைச் சேர்த்துச் சேர்த்து லேபுக்கு அனுப்பியிருக்கிறாள். கண் பழகிவிட்டது. அவளே சொன்ன பாடம் அவளுக்கே நடந்தது.

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. அவள் சொன்னதும், அன்றைக்கு வந்த மனுஷன் பிற்பாடு என்னிடம் சொன்னதும்தான். அவர் ஒரு கல்யாணப் பொண்ணுக்குத் தாய்மாமன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். அச்சாகி வந்த ஆல்பத்தைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மரியாதையாகவே ஆரம்பித்திருக்கிறார்.

"கோவிச்சுக்கிறாதம்மா. ஆல்பம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளெல்லாம் மஞ்சளா இருக்காக."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. லேப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள். "இங்க பாருங்கண்ணே. சரியாத்தான இருக்கு?"

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க சரியாத்தாம்மா இருக்கு. அதுக்காக இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி சம்பந்தி வீட்ல வைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். புரட்டினாள். மாப்பிள்ளை வேட்டி மஞ்சள், பொண்ணு கழுத்து மஞ்சள், மேடைக்குப் பின்னால் தொங்கின மல்லிகைச் சரம்கூட மஞ்சள். தாய்மாமன் பின்னாலேயே வந்து நின்றுகொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சம்பந்தி ஊர்ல கேலி பேசுறாகம்மா. மாப்பிள்ளைக்கு என்ன, மஞ்சக்காமாலையான்னு கேக்குறாக."

அவள் அப்படியே நின்றுவிட்டாளாம். தப்பு தெரிந்து பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். "அட, இதுக்குப் போயி. வேற அடிச்சுக் குடு, அம்புட்டுத்தான." அவள் காதில் எதுவும் விழவில்லை. உள்ளே போய் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, திரையில் வெள்ளையாக இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். தாள் வெள்ளை. திரை நீலம். பளிச்சென்று நீலம். தான் கையால் ஏற்றி வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினாள், மீட்டர் சொன்ன பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். அப்புறம் கடைசியாக எடுத்து வைத்திருந்த என் முகப் படத்தைத் திறந்தாள். திரையில் ஏற்றின நீலம் படத்துக்குள் ஏறாது, கேமராவில் வந்த மஞ்சள் அப்படியே இருந்தது.

பின்னால் நின்ற தாய்மாமன் அதையும் பார்த்துவிட்டார். "இது யாரும்மா? இவரையும் இப்புடித்தான் அடிச்சு வச்சிருக்கியா?"

"இவருக்கு நான் ஒண்ணுமே பண்ணலைண்ணே" என்றாள் அவள்.

எனக்கு டூட்டி நேரத்தில் அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டாள், அதுவும் வீடியோவில். குடோனில் லாரி வந்து நிற்கிறது, சரக்கு இறங்குகிறது, சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார். எடுத்தவுடன், "வெளிய வெயிலுக்கு வாங்க" என்றாள்.

"டூட்டி நேரத்துல என்ன வெளையாட்டு ஒனக்கு?"

"வாங்க. கையில ஒரு வெள்ளப் பேப்பர் எடுத்துக்கிட்டு வாங்க."

ஆல்பத்தில் ஏதோ தகராறு, அதற்கு என்னைப் போட்டு உயிரை எடுக்கிறாள் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டேதான் போனேன். கையில் டெலிவரி ரசீது இருந்தது, அதன் பின்பக்கம் வெள்ளை. வெயிலில் நின்று முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். போர்க்லிப்ட் ஓட்டுகிற ஆள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். "பாத்தாச்சா? போகவா?" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். அவள் இருந்தாள், அசையாமல் இருந்தாள்.

"கண்ணுக்குக் கீழ இழுத்துக் காட்டுங்க."

காட்டினேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. கடையில் சாமான் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே."

"டூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போயிட்டு..."

"ரூமுக்குப் போகாதீங்க" என்றாள்.

போனேன். பித்தப்பையிலிருந்து இறங்கிய கல் ஒன்று குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தது, உள்ளே சீழ் வைத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சல் தூக்கி அடித்தது. அப்புறம் நாலைந்து நாள் எனக்குச் சுய நினைவு கிடையாது. கல்லை எடுத்தார்கள், பிழைத்தேன். ஈரல் முன்னே மாதிரி இனி வராது, கனமான வேலை கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். விசா அதோடு முடிந்தது. அந்த டாக்டர் மலையாளி, நல்ல மனுஷர். டிஸ்சார்ஜ் ஆகும்போது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் கல்லை எடுத்துவிட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார்.

அந்த வார்த்தையை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஊருக்கு வந்து இறங்கின அன்றைக்கு, வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் என் பாட்டைப் பெரிய வீரம் மாதிரி அளந்துகொண்டிருந்தேன். வாய்ச்சவடால். அந்த வேகத்தில் டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவள் அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

கந்தர்வக்கோட்டைக்காரர் ஆல்பத்தை மட்டும் மறுபடி முதலிலிருந்து செய்து கொடுத்தாள். கையிலிருந்த மற்றதை வேறு ஆட்களுக்குத் தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் லேப்டாப் பக்கம் உட்காரவில்லை. இப்போது கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நல்லாவே போகிறது. ஏன் இதைப் பிடித்தாய் என்று ஒருத்தி கேட்டதற்கு, "வெள்ளையா இருந்தாப் போதும்ல, வேற நெறம் பாக்கத் தேவையில்லை" என்றாள். கேட்டவள் சிரித்தாள். நான் அங்கிருந்து எழுந்து போய்விட்டேன்.

ஆல்ப வேலையை இப்போது நான் பார்க்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை, என் உடம்புக்கு ஏற்றது. மீட்டரை மாட்டுகிறேன், அது சொல்கிறபடி அச்சு அசலாகச் செய்கிறேன், நீலம் மஞ்சள் எதுவும் ஏறுவதில்லை. படம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவள் செய்ததில் இருந்த என்னமோ ஒன்று இதில் இல்லை. போட்டோகிராபர்கள் வாங்கிப் புரட்டிவிட்டு, "அக்கா பாத்தாங்களா?" என்று கேட்கிறார்கள். பார்த்தாள் என்று பொய் சொல்கிறேன். அவர்கள் நம்புவது மாதிரி தலையை ஆட்டிக்கொள்கிறார்கள்.

அவள் பார்ப்பது என் கண்ணை மட்டும்தான். காலையில் குளித்துவிட்டு வந்தால் கொல்லைப்பக்கம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். மாவு ஈரத்தோடு கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு கண்ணையும் கீழே இழுத்துப் பார்ப்பாள். "மேல பாருங்க, ஆங், போதும்." நான் ஏதாவது கேலி பேசலாம் என்று வாயைத் திறப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். இந்த ஒரு இடத்திலாவது வாயை மூடக் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் ஒரு கல்யாணப் படம் என்னைப் போட்டுப் படுத்தியது. பொண்ணு கட்டியிருந்த பட்டு ஒரு படத்தில் அரக்கு, ஒரு படத்தில் வெங்காயக் கலர். எதை வைத்து எதைத் திருத்துவது? போட்டோகிராபரைக் கேட்டால் மறந்துபோச்சு என்கிறார். மீட்டர் திரையைத்தான் அளக்கும், மேடையில் இருந்த சேலையை எங்கே அளக்கும்? மதியம் அவள் கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தாள். "ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயேன்" என்றேன்.

வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கையை முந்தானையில் துடைத்தாள். பார்க்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ரொம்ப நாளாக உள்ளேயே வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"இங்க பாரு. டாக்டருக்கு முன்னாடி, ரூம்ல கூடப் படுத்துக் கெடந்தவனுக்கு முன்னாடி, எனக்கே தெரியிறதுக்கு முன்னாடி, மொதல்ல பாத்தது நீதான். அம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்த. ஒன் கண்ணு ஒரு தப்பும் பண்ணல."

"ஆமா. பாத்தேன்" என்றாள்.

"அப்புறம் என்ன?"

"பாத்தேன்ல. பாத்துட்டு, ஒங்கள நல்லா இருக்கிற மாதிரி ஆக்கி வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்ல. அதான்."

நான் ஆறுதல் என்று இத்தனை நாள் பொத்தி வைத்திருந்தது, அவளுக்கு வலிக்கிற இடமாகவே இருந்திருக்கிறது. அவள் கண்ணுக்கு முதலிலேயே தெரியாமல் போயிருந்தால் அவள் இந்நேரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மாவு பொங்கிரும் என்று சொல்லிவிட்டு அவள் கிரைண்டரைப் பார்க்கப் போனாள். நான் எல்லாப் படத்தையும் அரக்காக்கி லேபுக்கு அனுப்பினேன். யாரும் குறை சொல்லவில்லை. அந்தச் சேலை அரக்கா வெங்காயக் கலரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.